விழுந்தால் என்ன விலை?

மொபைலில் இலவசமாகக் கிடைக்கும் பைக் ஸ்டண்ட் ரேஸ் கேம்களைப் பற்றி ஒரு இழை. கொஞ்சம் நீளம்தான். டீ, காபி ஏதாவது எடுத்துக்கிட்டு உட்காருங்க.

கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி டாக்டருக்கு இதில் என்ன வேலை என்று கேட்டால், இரண்டு காரணம் சொல்வேன்.

ஒன்று, எனக்கு இந்த வகை கேம் ரொம்பப் பிடிக்கும். காலேஜ் காலத்தில் இருந்து ஆடுகிறேன். நைட் டூட்டி முடிந்து பஸ்ஸில் வீடு திரும்பும்போது இப்போதும் ஆடுவேன்.

இரண்டு, "சார், பையன் எந்நேரமும் பைக் கேம்தான். ஆட விடலாமா, அழிச்சிடவா?" என்று ஓபியில் அம்மா அப்பாக்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆடலாம், ஆடக்கூடாது என்று ஒரே வரியில் பதில் கிடையாது. ஆனால் ஒரு அளவுகோல் உண்டு. எந்த பைக் கேமாக இருந்தாலும், ஏன், எந்த பைக்காக இருந்தாலும், இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

விழுந்தால் என்ன விலை?

இதைத்தான் இந்த இழையில் பேசப் போகிறேன்.

-----

முதலில், இந்த கேமை ஆடியே பார்க்காதவர்களுக்காக.

பக்கவாட்டில் இருந்து பார்ப்பது போல ஒரு பாதை. மேடு, பள்ளம், தாண்ட வேண்டிய இடைவெளி, தலைகீழாகச் சுற்றி வர வேண்டிய வளையம். அதில் ஒரு பைக், பைக் மேல் ஒரு ஆள். ஒரு விரலுக்கு ஆக்சிலரேட்டர், இன்னொரு விரலுக்கு பிரேக். வண்டியை முன்னும் பின்னும் சாய்க்க ஒரு வழி. அவ்வளவுதான். இடது வலது திரும்பும் வேலையே கிடையாது.

2000-இல் ஹங்கேரியில் இருந்து எலாஸ்டோ மேனியா என்று ஒரு கம்ப்யூட்டர் கேம் வந்தது. 2004-இல் ஸ்வீடனைச் சேர்ந்த கோட்புரூ என்கிற சின்ன நிறுவனம், ஜாவா ஃபோன்களுக்காக கிராவிட்டி டிஃபைட் என்ற கேமைக் கொண்டு வந்தது.

என் வயசுக்காரர்களுக்கு இந்நேரம் ஞாபகம் வந்திருக்கும்! நோக்கியா ஃபோனில், வெள்ளைத் திரையில் கோடு இழுத்த மாதிரி ஒரு பாதை. கடை இல்லை, இன்டர்நெட்டும் தேவையில்லை. ஒருத்தன் ஃபோனில் இருந்தால் போதும், ப்ளூடூத்தில் ஹாஸ்டல் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும்.

பிறகு ஸ்மார்ட்ஃபோன் வந்தது. பிரேசிலில் சாவோ பாவ்லோ நகரத்து நிறுவனமான டாப் ஃப்ரீ கேம்ஸின் 'பைக் ரேஸ்' வந்தது. திரையின் வலது பக்கம் அழுத்தினால் ஓடும், இடது பக்கம் அழுத்தினால் நிற்கும், ஃபோனைச் சாய்த்தால் வண்டி சாயும். பின்லாந்தின் ரெட்லிங்ஸ் நிறுவனம் பல வருடமாக 'ட்ரையல்ஸ்' என்ற பைக் கேம் வரிசையைச் செய்து வந்தது. 2011-இல் அதை யூபிசாஃப்ட் வாங்கியது. 2014-இல் அந்த வரிசையில் மொபைலுக்கான இலவச கேமாக 'ட்ரையல்ஸ் ஃப்ரண்டியர்' வெளியானது.

இன்று ஆப் ஸ்டோரில் இந்த ஜாதியைச் சேர்ந்த கேம்கள் எக்கச்சக்கம். பெயர் வேறு, பைக்கின் கலர் வேறு. உள்ளே இருக்கிற விஷயம் ஒன்றுதான்.

இந்த கேம்களில் ஒரு டாக்டராக நான் ரசிக்கிற ஒரு விதி இருக்கிறது.

எலாஸ்டோ மேனியா, கிராவிட்டி டிஃபைட், பைக் ரேஸ் மூன்றிலும் சக்கரம் எவ்வளவு வேகமாகத் தரையில் மோதினாலும் பரவாயில்லை. வண்டி குட்டிக்கரணம் போட்டாலும் பரவாயில்லை. ஆனால் ஓட்டுபவனின் தலை தரையில் பட்டால் ஆட்டம் குளோஸ்!

மொத்தக் கேமும் இந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கிறது. தலையைக் காப்பாத்து. மீதி எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.

கேஷுவாலிட்டியில் நாங்களும் இதையேதான் வேறு வார்த்தையில் சொல்லிக்கொண்டு இருக்கிறோம்.

-----

இது ஏன் நல்ல கேம்?

இதில் உள்ள இயற்பியல் பெரும்பாலும் உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆக்சிலரேட்டரை முறுக்கினால் எடை பின் சக்கரத்துக்குப் போகும், முன் சக்கரம் லேசாகும். இன்னும் முறுக்கினால் முன் சக்கரம் எழும்பும். வண்டி காற்றில் இருக்கும்போது ஆக்சிலரேட்டர் கொடுத்தால் மூக்கு மேலே தூக்கும். பிரேக் பிடித்தால் மூக்கு கீழே இறங்கும். நிஜ மோட்டோகிராஸ் வீரர்களும் இப்படித்தான் காற்றில் வண்டியைச் சமன் செய்கிறார்கள். சுழலும் சக்கரத்தின் வேகத்தை மாற்றினால், அதை ஈடுகட்ட வண்டியின் உடல் எதிர்ப்பக்கம் திரும்புகிறது. பிளஸ் ஒன் புத்தகத்தில் கோண உந்தம் என்று மனப்பாடம் செய்ததை இந்த கேம் கட்டை விரலுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுகிறது.

அதை எப்படிச் சொல்லிக் கொடுக்கிறது? விழ வைத்துத்தான்.

ஒரு மேட்டை முதல் தடவை யாராலும் தாண்ட முடியாது. விழுவோம். ஒரு நொடியில் வண்டி மறுபடி ஆரம்பக் கோட்டில் நிற்கும். திட்டு இல்லை, மார்க் குறைவு இல்லை. மறுபடி போவோம். இந்தத் தடவை கொஞ்சம் முன்னாடியே ஆக்சிலரேட்டரை விடுவோம். மறுபடி விழுவோம். நாற்பதாவது தடவை தாண்டும்போது மனசுக்குள் ஒரு சந்தோஷம் வரும் பாருங்க! அதை யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை, நாமே கற்றுக்கொண்டது.

கிராவிட்டி டிஃபைட்டில் விழுவதின் விலை பூஜ்ஜியம். அதனால்தான் அது நல்ல கேம்.

தவறு செய்தால் அடி விழும், மானம் போகும் என்று பயந்து பயந்து வளர்கிற நம் பிள்ளைகளுக்கு, "விழு, பரவாயில்ல, மறுபடி போ" என்று சொல்லும் ஒரு இடம் கிடைப்பது சாதாரண விஷயம் இல்லை. இந்த வகை கேம் மேல் எனக்கு மரியாதை வந்ததே இதனால்தான்.

-----

இனி "இலவசம்" என்கிற சமாச்சாரத்துக்கு வருவோம்.

நூறு பேர் சேர்ந்து உழைத்துச் செய்த கேமை ஒருவர் சும்மா கொடுக்கிறார் என்றால், காசு வேறு எங்கோ இருந்து வந்தாக வேண்டும். தப்பில்லை, அவர்களும் சம்பளம் கொடுக்க வேண்டுமே. கேள்வி, எதை விற்கிறார்கள் என்பதுதான்.

புது கலர் பைக், புது சட்டை விற்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. வேண்டும் என்றால் வாங்கலாம், வேண்டாம் என்றால் விடலாம்.

ஆனால் இலவச கேம்களில் பெரும்பாலும் விற்கப்படுவது நேரம்.

ட்ரையல்ஸ் ஃப்ரண்டியரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டிப் பார்க்க அருமையான கேம். வண்டியின் அசைவில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அதில் பெட்ரோல் என்று ஒரு கணக்கு வைத்தார்கள். ரேஸுக்குப் போனால் பெட்ரோல் குறையும். தீர்ந்தால் தானாக ஊறி நிறையும் வரை காத்திருக்க வேண்டும், அல்லது காசு கொடுத்து நிரப்ப வேண்டும். பைக்கை மேம்படுத்தவும் காத்திருப்பு. ரேஸ் முடிந்ததும் ஒரு பரிசுச் சக்கரம் சுற்றும். தேவையான உதிரிப் பொருள் வருமா வராதா என்பது அதிர்ஷ்டம்.

இப்போது அந்தக் கேள்வியைக் கேளுங்கள். விழுந்தால் என்ன விலை?

நாற்பது தடவை விழுந்துதான் கற்க வேண்டிய ஒரு கேமில், ஓடும் ஓட்டத்துக்கு மீட்டர் போட்டாச்சு. கற்றுக்கொள்ளும் வழி எதுவோ, அதன் மேலேயே கல்லாப்பெட்டியை வைத்தாச்சு.

பல கேம்களில் பெட்ரோலுக்குப் பதில் விளம்பரம். இரண்டு தடவை விழுந்தால் முப்பது நொடி விளம்பரம். "இந்த வீடியோவைப் பார்த்தால் விழுந்த இடத்தில் இருந்தே தொடரலாம்" என்று ஒரு பட்டன். சில கேம்களில் பாதை திடீரென்று கஷ்டமாகிவிடும். பக்கத்திலேயே "சூப்பர் பைக், 89 ரூபாய் மட்டும்" என்று நிற்கும். திறமையால் தாண்ட வேண்டிய மேட்டைக் காசால் தாண்டச் சொல்கிறது.

இது பிள்ளைகளிடம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு என் ஓபியில் நடந்த ஒன்று. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பத்தாம் வகுப்புப் பையன். காலையில் தலைவலி, கிளாஸில் தூங்கி வழிகிறான் என்று அம்மா கூட்டி வந்தார். கண் பரிசோதனை நார்மல். ரத்தத்தில் ஹீமோகுளோபின் நார்மல். பிரஷர் நார்மல்.

"தம்பி, ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்குற?"

"பத்து மணிக்கே படுத்துருவான் சார்" என்று அம்மா முந்திக்கொண்டார்.

பையன் என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். அம்மாவைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி கேட்டேன்.

"படுத்துருவேன் சார். ஒரு மணிக்கு அலாரம் வெச்சு எந்திரிப்பேன். அப்புறம் நாலு மணிக்கு."

"எதுக்குப்பா?"

"பெட்ரோல் ஃபுல் ஆயிரும் சார். ஃபுல் ஆனதுக்கு அப்புறம் ஆடாம விட்டா வேஸ்ட்டு. டோர்னமென்ட்ல பின்னாடி போயிருவேன்."

அவன் சொன்ன கணக்கில் ஒரு பிழையும் இல்லை என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. பச்சைக் குழந்தைக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுக்க எழும் தாயைப் போல, ஒரு பதினைந்து வயசுப் பையன் இல்லாத பெட்ரோலுக்காக எழுந்துகொண்டு இருக்கிறான். ஆட்டத்தில் உள்ள ஆசையால் எழவில்லை. வீணாகிவிடக் கூடாதே என்று எழுகிறான்.

அவன் மூளையில் வியாதி எதுவும் இல்லை. அப்படி எழச் செய்வதற்காகத்தான் அந்த மீட்டர் வைக்கப்பட்டிருக்கிறது.

-----

பரிசுச் சக்கரம் ஏன் விட மாட்டேன் என்கிறது என்பதற்கும் ஒரு பழைய விளக்கம் உண்டு.

அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்துப் பல சோதனைகள் செய்தார். 1957-இல் சார்லஸ் ஃபெர்ஸ்டரோடு சேர்ந்து அதையெல்லாம் தொகுத்துப் புத்தகமாகவே போட்டார். ஒவ்வொரு முறை கொத்தும்போதும் தீனி வந்தால் புறா நிதானமாக இருக்கும், தீனி நின்றதும் சீக்கிரம் விட்டுவிடும். எத்தனையாவது கொத்துக்கு வரும் என்று தெரியாதபடி கொடுத்தால்? கொத்திக்கொண்டே இருக்கும். தீனியை நிறுத்திய பிறகும் வெகுநேரம் கொத்தும்.

லாட்டரிக்கும், சீட்டாட்டத்துக்கும், கேம் முடிவில் சுற்றும் சக்கரத்துக்கும் அடியில் இருப்பது இந்தக் கணக்குதான். 2018-இல் பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம், காசு கொடுத்து வாங்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே வகைப்படுத்தியது.

அதற்காக பைக் கேம் ஆடும் எல்லாப் பிள்ளைகளும் அடிமை என்று சொல்லிவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் "கேமிங் டிஸ்ஆர்டர்" என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மூன்று விஷயம் வேண்டும்.

1. ஆட்டத்தை நிறுத்த முடியாமல் கட்டுப்பாடு போவது
2. சாப்பாடு, படிப்பு, நட்பு எல்லாவற்றையும் விட ஆட்டமே முதலிடம் பிடிப்பது
3. கெடுதல் நடக்கிறது என்று தெரிந்தும் தொடர்வது

இவை பொதுவாக 12 மாதம் நீடித்து, வாழ்க்கையையே பாதிக்கும் அளவில் இருந்தால்தான் அந்தப் பெயர். கொரோனா லீவில் நாலு மணி நேரம் ஆடினான் என்பதெல்லாம் வியாதி ஆகாது.

அந்தப் பத்தாம் வகுப்புத் தம்பிக்கும் அது இல்லை. மாத்திரை எதுவும் எழுதவில்லை. ஃபோன் இரவில் அம்மா தலைமாட்டில் சார்ஜ் ஆகட்டும், பெட்ரோல் மீட்டர் இல்லாத கேமாக ஒன்றைத் தேடிக்கொள் என்றேன். மூன்று வாரம் கழித்து வந்தான். தலைவலி இல்லை. இன்னும் பைக் கேம்தான் ஆடுகிறான், பகலில்.

-----

இப்போது மூன்றாவது இடத்துக்கு வருவோம். ரோடு.

ரோட்டில் முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டும் வீலிங்கில் விழுந்து வரும் பையன்களை நாங்கள் பார்க்கிறோம். கூட வரும் சொந்தக்காரர்களில் ஒருவராவது சொல்வார்: "எல்லாம் அந்த ஃபோன்ல பைக் கேம் ஆடி ஆடி வந்தது சார்."

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கிராவிட்டி டிஃபைட் ஆடிய என் ஹாஸ்டல் நண்பர்கள் இன்று வரை டிவிஎஸ் 50-ஐக் கூட 40-க்கு மேல் விரட்டியது இல்லை. வீலிங் ஆசையை மூட்டுவது பெரும்பாலும் ரீல்ஸ், கைத்தட்டும் நண்பர்கள், பதினெட்டு ஆகும் முன்பே கைக்கு வரும் 200 சிசி வண்டி. 2023 செப்டம்பரில் பிரபல யூடியூபர் ஒருவர் காஞ்சிபுரம் பக்கம் தேசிய நெடுஞ்சாலையில் வீலிங் செய்து விழுந்ததும், அவரது லைசென்ஸ் பத்து வருடத்துக்கு ரத்தானதும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

ஆனால் கேமுக்கும் ரோட்டுக்கும் உள்ள ஒரு வித்தியாசத்தைப் பிள்ளைகளிடம் கட்டாயம் பேச வேண்டும்.

கேமில் பாதை மாறாது. நாற்பது தடவை விழுந்தபோதும் அந்த மேடு அதே இடத்தில்தான் இருந்தது. அதனால்தான் நாற்பத்தொன்றாவது தடவை தாண்ட முடிந்தது. ரோடு அப்படியா? நேற்று இல்லாத மணல் இன்று இருக்கும். நாய் குறுக்கே வரும். பால்காரர் யூ டர்ன் போடுவார். ரோட்டில் எல்லா ஓட்டமும் முதல் ஓட்டம்தான்.

முன் சக்கரம் மேலே இருக்கும்போது வண்டியைத் திருப்ப முடியாது. பைக்கின் நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன் பிரேக்கில் இருக்கிறது. அதுவும் அப்போது வேலை செய்யாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் போகும். பார்த்து, யோசித்து, கை பிரேக்குக்குப் போகும் முன்பே ஒரு பஸ் நீளம் தாண்டியிருக்கும்.

அந்த 60-இல் தலை நேராக ஒரு சுவரில் மோதினால், அது சுமார் 14 மீட்டர் உயரத்தில் இருந்து தலைகீழாக விழுவதற்குச் சமம். நாலு மாடி! 60 எல்லாம் வேண்டாம், நின்ற இடத்தில் இருந்தே சாய்ந்து, ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் தலை தரையில் அடித்தால் கூட மோதும் வேகம் மணிக்கு 19 கிலோமீட்டருக்கு மேல். "பக்கத்துக் கடைக்குத்தானே சார் போனேன்" என்பவர்களுக்கும் மண்டை உடைவது இதனால்தான்.

2022-இல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு இது. அதில் ஹெல்மெட் அணியாததால் இறந்தவர்களாகக் காட்டப்பட்டவர்கள் 50,029. அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். அந்த வருடம் நாட்டிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் நம் தமிழ்நாடு, 64,105 விபத்துகள்.

ஹெல்மெட் போட்டால் தலைக்காயம் 69 சதவீதமும், மரணம் 42 சதவீதமும் குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அறிக்கை 2008-இல் சொன்னது. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாக்கோல் போன்ற பகுதி நசுங்கி, தலை நிற்பதற்குச் சில மில்லி நொடிகளைக் கூடுதலாக வாங்கிக் கொடுக்கிறது. அந்தச் சில மில்லி நொடிதான் உயிர்.

-----

ஒரு தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வயது 19. பைபாஸில் வீலிங். ஹெல்மெட் டேங்க் மேல் இருந்தது, தலையில் இல்லை. பின்னால் இருந்த நண்பனுக்குத் தொடை எலும்பு முறிவு. இவனுக்குத் தலையில் இடது பக்கம் அடி. வரும்போது பேசிக்கொண்டுதான் வந்தான். "ஒண்ணும் இல்ல சார், வீட்டுக்குச் சொல்லாதீங்க" என்றான். அரை மணி நேரத்தில் வாந்தி, அப்புறம் மயக்கம். மண்டை ஓட்டுக்கும் மூளையின் உறைக்கும் நடுவே ரத்தம் கட்டும்போது சிலருக்கு இப்படி நடக்கும். நன்றாகப் பேசுகிறானே என்று வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டால் கதை முடிந்தது. உடனே மெடிக்கல் காலேஜ் மருத்துவமனைக்கு அனுப்பினோம். ஆபரேஷன் நடந்தது. பிழைத்தான்.

மூன்று மாதம் கழித்து எங்கள் பிசியோதெரபிக்கு வர ஆரம்பித்தான். வலது கை, வலது கால் பலவீனம். பேச்சு தட்டுத் தடுமாறி வரும். பந்தை அமுக்கு, கிளிப்பை எடு என்று சொல்லிக் கொடுத்த பயிற்சிகளை இரண்டு நாளில் விட்டுவிட்டான். அவன் அம்மா அழுதார்.

அவன் தங்கை ஃபோனில் ஒரு பைக் ஸ்டண்ட் கேம் இருந்தது. வலது பக்கம் அழுத்தினால் ஆக்சிலரேட்டர். ஃபோனை மேஜை மேல் வைத்து, வலது கட்டை விரலால் மட்டும் அழுத்தச் சொன்னார் எங்கள் பிசியோதெரபிஸ்ட். அழுத்த வேண்டும், சரியான நேரத்தில் விட வேண்டும், மறுபடி அழுத்த வேண்டும். பாதிக்கப்பட்ட கைக்குத் தேவையானது இந்தத் திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சிதான்.

விழுந்தான். விழுந்தான். விழுந்துகொண்டே இருந்தான். பந்தை அமுக்கச் சொன்னால் பத்தோடு நிறுத்துகிறவன், இதில் நூறு தாண்டியும் நிறுத்தவில்லை. விழுவதற்கு விலை இல்லாத இடத்தில்தானே கை தைரியமாகக் கற்கும்!

நாலாவது தடவை விழுந்ததும் விளம்பரம் வந்தது.

முழுத் திரைக்கும் ஒரு ரம்மி விளம்பரம். மேல் மூலையில் கடுகு அளவுக்கு ஒரு பெருக்கல் குறி. அதை அந்தக் கட்டை விரலால் தொட முடியவில்லை. பக்கத்தில் பட்டது, ஆப் ஸ்டோர் திறந்தது. பின்னால் வந்து, மறுபடி முயன்று, மறுபடி ஆப் ஸ்டோர். நல்ல விரல் உள்ளவர்களே தவறித் தொட வேண்டும் என்று வைக்கப்பட்ட குறி அது. ஃபோனைத் தள்ளி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஃபோனை வாங்கி ஃப்ளைட் மோடில் போட்டுக் கொடுத்தேன். விளம்பரம் நின்றது. கேம் ஓடியது.

அன்று மட்டும் இருபத்தைந்து நிமிடம் அந்தக் கட்டை விரல் வேலை செய்தது. இன்று சட்டை பட்டனை அவனே போடுகிறான். முழுக்க கேமால் வந்தது என்று சொல்ல மாட்டேன். பிசியோதெரபி, அந்த வயதின் மூளைக்கு உள்ள மீளும் சக்தி, அவன் அம்மாவின் பொறுமை எல்லாம் சேர்ந்தது. பேச்சு இன்னும் முழுதாக வரவில்லை. வலது கால் இன்னும் இழுக்கிறது. ஆர்மியில் சேர ஓடிப் பழகிக்கொண்டு இருந்த பையன் அவன்.

ஒரே பையன். வீலிங்கில் விழுந்ததுக்கு விலை அது. கேமில் விழுந்ததுக்கு விலை ஒன்றுமே இல்லை, விளம்பரம் வரும் வரைக்கும்.

-----

ஆகவே பெற்றோருக்கும் தம்பி தங்கைகளுக்கும் நான் சொல்வது.

1. பைக் கேம் ஆடுவது குற்றம் இல்லை. பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் நீங்களும் ஆடிப் பாருங்கள். விழுந்ததும் என்ன வருகிறது என்று கவனியுங்கள். மறுபடி ஆரம்பக் கோடு வந்தால் நல்ல கேம். கடை வந்தால் வேறு கேம் பாருங்கள்.

2. காத்திருந்தால் நிறையும் பெட்ரோல், உயிர், எனர்ஜி வைத்த கேம்களைப் பிள்ளைகளுக்குத் தவிர்க்கலாம். அவை ஆடும் நேரத்தை மட்டும் அல்ல, ஆடாத நேரத்தையும் பிடித்துக்கொள்ளும்.

3. இன்டர்நெட் இல்லாமல் ஓடும் கேம் என்றால் ஃப்ளைட் மோடில் ஆடச் சொல்லுங்கள். பெரும்பாலான விளம்பரம் நின்றுவிடும். நூறு இருநூறு கொடுத்து ஒரே முறை வாங்கும் கேம் கிடைத்தால், மாதம் முழுக்க விளம்பரம் பார்ப்பதை விட அது மலிவு.

4. ஆப் ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி அமைத்துவிடுங்கள். அந்தப் பாஸ்வேர்டு பிள்ளைக்குத் தெரியக் கூடாது.

5. இரவில் ஃபோன் பிள்ளை படுக்கும் அறைக்கு வெளியே இருக்கட்டும். உங்களுடையதும்தான்!

6. கட்டுப்பாடு முழுக்கப் போய், படிப்பு சாப்பாடு எல்லாம் கெடுகிறது என்றால் திட்டாமல் டாக்டரிடம் கூட்டி வாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கும் இலவசமாகப் பேசலாம்.

7. பதினெட்டு ஆகாத பிள்ளைக்கு கியர் வண்டியின் சாவியைக் கொடுக்காதீர்கள். 2019 சட்டத் திருத்தத்தின்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். சட்டத்தை விடுங்கள், மேலே சொன்ன தம்பியின் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

8. ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட், வார் மாட்டியபடி, முன்னால் இருப்பவருக்கும் பின்னால் இருப்பவருக்கும். வார் மாட்டாத ஹெல்மெட் நமக்கு முன்னால் பறந்து போய்விடும்.

9. தலையில் அடிபட்டவர் நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்கு வர வேண்டும். வாந்தி, தூக்கக் கலக்கம், அதிகமாகும் தலைவலி, வலிப்பு, கை கால் பலவீனம் இருந்தால் ஒரு நிமிடம் கூடத் தாமதிக்காதீர்கள். 108-க்கு அடியுங்கள். நம் மாநிலத்தில் 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் சேர்ந்துள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்கு உதவி உண்டு. உதவிக்குத் தூக்கி வருபவருக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு, பயம் வேண்டாம்.

முன் சக்கரத்தைத் தூக்கிப் பார்க்கும் ஆசை வயசுக்கு வரும். அதை நான் கேவலமாகப் பார்க்கவில்லை. தம்பிகளா, அதற்கு ஃபோன் இருக்கிறது. அங்கே ஆயிரம் தடவை தூக்குங்கள், ஆயிரம் தடவை விழுங்கள், ஒரு கீறலும் விழாது. ரோட்டுக்கு வந்தால் இரண்டு சக்கரமும் தரையில் இருக்கட்டும். எங்கள் கேஷுவாலிட்டியில் ரீஸ்டார்ட் பட்டன் கிடையாது.

வீட்டில் பைக் கேம் ஆடும் பிள்ளை இருந்தால் இந்த இழையைச் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். பிள்ளை என்ன சொன்னான், என்ன சொன்னாள் என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிக்கிறேன்.